மூக்கு ஊதிவிட்ட வாய்

என் உதட்டின் இடது ஓரத்தில் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது கொப்புளம் வரும். முதல் நாள் சுருசுருவென்று இருக்கும். மறுநாள் கடுகு கடுகாக நாலைந்து தண்ணீர்க் கொப்புளம் எழும்பும். அப்புறம் அது உடைந்து, பொருக்குத் தட்டி, பத்துப் பன்னிரண்டு நாளில் தடமே தெரியாமல் போய்விடும். பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலிருந்து இப்படித்தான். தூங்கும்போது பல்லி எச்சம் பட்டிருக்கும் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். நான் தா.பழூர் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவள். அடுப்புச் சூட்டில் நிற்கிற உடம்புக்கு இதெல்லாம் சகஜம் என்று தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு என் பாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை வியாதி என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. சம்பளம் கிடையாது, பெருமை மட்டும்தான். தெருவில் எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும் குளிப்பாட்ட என்னைத்தான் கூப்பிடுவார்கள். காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் குப்புறப் போட்டு, வெந்நீரை முதுகில் ஊற்றி, கை கால் நீவி, தலையைத் தட்டி உருட்டி எடுத்தால் அது மூன்று மணி நேரம் அசையாமல் தூங்கும். குளிப்பாட்டி முடித்ததும் மூக்கில் போன தண்ணீர் வெளியே வருவதற்காக, குழந்தையின் மூக்கில் என் வாயை வைத்து மெல்ல ஒரு ஊது ஊதுவேன். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். மற்றவர்கள் ஊதினால் குழந்தை வீறிடும், நான் ஊதினால் தும்மிவிட்டுச் சும்மா இருக்கும். அதில் எனக்கு ஒரு கர்வம்.

என் தங்கை செல்விக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துத்தான் குழந்தை பிறந்தது. வாலிகண்டபுரத்தில் அவளைக் கொடுத்திருக்கிறோம். அவள் புருஷன் முருகேசன் பெரம்பலூரில் சின்ன வெங்காய மண்டியில் வேலை பார்க்கிற சாது. மாமியாரும் கெட்டவர் இல்லை. ஆனால் ஏழு வருஷமாக அவர் போகாத கோயில் இல்லை, செல்வியின் காதில் விழும்படி பேசாத பேச்சும் இல்லை. எங்கள் அம்மா இல்லாததால் செல்விக்கு என் வீடுதான் தாய்வீடு. பையன் பிறந்த ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தார்கள். ஆறாம் நாளிலிருந்து நான் குளிப்பாட்ட ஆரம்பித்தேன்.

ஒன்பதாம் நாள் எனக்கு உதடு சுருசுருவென்றது. பத்தாம் நாள் கொப்புளம் நன்றாகவே தெரிந்தது. வெந்நீர்ப் பானையை இறக்கிக்கொண்டிருந்தபோது செல்வி பார்த்துவிட்டு, உதட்டில் என்ன என்று கேட்டாள். பல்லி எச்சம் என்றேன். இந்த வயசில் உனக்குப் பல்லி முத்தம் கேட்குதா என்று அவள் கிண்டல் செய்தாள். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டேதான் குழந்தையைக் குளிப்பாட்டினேன், மூக்கை ஊதினேன், கன்னத்தில் இரண்டு முத்தமும் கொடுத்தேன். பதினோராம் நாளும் பன்னிரண்டாம் நாளும் அதையேதான் செய்தேன்.

பதினேழாம் நாள் காலையில் குழந்தை பால் குடிக்கவில்லை என்று செல்வி பயந்தாள். வயிற்றுப் பொருமல், சரியாகிவிடும் என்றேன். நான்தான் பெரிய டாக்டராச்சே. மத்தியானம் தொட்டுப் பார்த்தால் உடம்பு அனலாக இருந்தது. மூக்கு ஓரத்தில் வேர்க்குரு போல மூன்று புள்ளிகள் தெரிந்தன. சாயங்காலம் என் மடியில் கிடந்தவன் வலது கையையும் காலையும் மட்டும் இழுத்து இழுத்து உதைக்க ஆரம்பித்தான். உதடு சப்புக்கொட்டுவது போல் அசைந்தது. பசிக்கிறது என்று செல்வி எடுத்து மார்பில் வைத்தாள். கண் ஒரு பக்கமாகச் செருகியிருந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. என் வீட்டுக்காரர் பக்கத்து வீட்டுக் காரை எடுத்துக்கொண்டு அரியலூருக்கு விரட்டினார். வழியெல்லாம் அந்தச் சின்னக் கால் என் கைக்குள் துடித்துக்கொண்டே வந்தது.

ஆஸ்பத்திரியில் பச்சைக் குழந்தைகளுக்கென்று தனி வார்டு. கண்ணாடிக் கதவு போட்டிருக்கும், உள்ளே தாயை மட்டும்தான் விடுவார்கள். குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை என்பதால் அட்டையில் 'செல்வியின் குழந்தை' என்றே எழுதிக் காலில் கட்டினார்கள். டியூட்டியில் இருந்த சின்ன டாக்டர் வெளியே வந்து வரிசையாகக் கேள்வி கேட்டார். தாய்ப்பாலா, தொப்புளில் ஏதாவது தடவினீர்களா, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா. செல்வி அழுதுகொண்டிருந்ததால் நான்தான் பதில் சொன்னேன். எங்கள் வீட்டில் வாய் என்றால் என் வாய்தான். யாருக்கும் ஒன்றும் இல்லைங்க சார், எல்லாரும் நல்லா இருக்கோம் என்றேன். அப்போது என் உதட்டில் பொருக்கு உதிர்ந்து ஒரு சிவப்புத் தடம் மட்டும் இருந்தது. நான் பொய் சொல்லவில்லை. எனக்கு அது உடம்பு சரியில்லாத கணக்கிலேயே இல்லை.

அவர் எழுதிக்கொண்டு போனார். ரத்தத்தில் கிருமி பரவியிருக்கலாம் என்று அதற்கான மருந்தை ஏற்றினார்கள். வலிப்பு வெட்டு நிற்க வேறொரு ஊசி போட்டார்கள். தகவல் கேட்டு முருகேசனும் அவன் அம்மாவும் ராத்திரியே வந்துவிட்டார்கள். மறுநாள் முழுக்க நாங்கள் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை செல்வியை உள்ளே கூப்பிட்டுப் பால் பீய்ச்சச் சொல்வார்கள். குழந்தைக்கு உறிஞ்சத் தெம்பு இல்லை, மூக்கு வழியாக மெல்லிய குழாய் போட்டு அதில் விட்டார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. மறுபடியும் இரண்டு தடவை வெட்டு வந்தது. மூக்கு ஓரத்துப் புள்ளிகள் தண்ணீர் கோத்துக் கொத்தாக நின்றன என்று செல்வி வெளியே வந்து சொன்னாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் பெரிய டாக்டரம்மா வந்தார். கொப்புளத்தைப் பார்த்ததுமே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டதாம். உடனே மருந்தை மாற்றிவிட்டு, முதுகெலும்புக்கு நடுவில் ஊசி போட்டு மூளையைச் சுற்றியிருக்கிற நீரில் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். அதன் முடிவு வர நாலைந்து நாளாகும், ஆனால் அதுவரைக்கும் காத்திருக்க முடியாது என்றார். அப்புறம் செல்வியைத் தனியாக ஒரு அறைக்குள் கூட்டிப் போனார். கதவு சாத்தியிருந்தது. கால் மணி நேரம் கழித்து வெளியே வந்த செல்வியின் முகத்தில் ரத்தமே இல்லை. பெஞ்சின் கோடியில் போய் உட்கார்ந்தாள்.

எங்களுக்கும் டாக்டரம்மா விளக்கினார். இது ஹெர்பிஸ் என்கிற வைரஸ். பெரியவர்களுக்கு வந்தால் புண்ணாகி ஆறிவிடும். பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத குழந்தைக்கு எதிர்ப்புச் சக்தி கிடையாது என்பதால் நேராக மூளைக்குப் போய்விடுகிறது. உயிருக்கு ஆபத்து உண்டு, பிழைத்தாலும் கை கால், கண், புத்தி எதில் குறை நிற்கும் என்று இப்போதே சொல்ல முடியாது. செல்வியின் மாமியார் இது எங்கிருந்து வந்தது என்று கேட்டார். டாக்டரம்மா, பிரசவத்தின்போது தாயின் உடம்பிலிருந்தும் வரலாம், உதட்டில் கொப்புளம் இருக்கிற யாராவது முத்தம் கொடுத்திருந்தாலும் வரலாம், இரண்டும் ஒரே இனத்துக் கிருமிதான் என்றார். அப்படி யாருக்காவது இருந்ததா என்று எங்கள் மூன்று பேரையும் பார்த்துக் கேட்டார்.

மாமியார் காதில் முதல் பாதி மட்டும் விழுந்தது. என் காதில் இரண்டாவது பாதி மட்டும் விழுந்தது.

நான் வாயே திறக்கவில்லை. முந்தானையை எடுத்து, மருந்து நெடி தாங்காதவள் போல வாயை மூடிக்கொண்டேன். ஊரில் என்னைப் பேச விட்டால் நிறுத்த ஆள் வேண்டும். அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை. பயம்தான், வேறென்ன. ஏழு வருஷம் தவமிருந்து பெற்ற பிள்ளையை நான்தான் இப்படிப் பண்ணினேன் என்று சொல்ல எந்த வாய்க்குத் துணிச்சல் வரும். டாக்டரம்மா உள்ளே போய்விட்டார். மருந்துதான் ஏறுகிறதே, நான் சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மாமியார் மகனைத் தள்ளிக் கூட்டிப் போய்ப் பேசினார். ரகசியமாகப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டு வராந்தா முழுக்கக் கேட்கிற குரலில் பேசினார். பொம்பளை உடம்பில் இருந்தால்தான் வருமாம், அப்படிப்பட்ட சீக்கு இவளுக்கு எப்படி வந்தது என்று கேட்டார். முருகேசன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மத்தியானம் அவன் கேன்டீனில் சாப்பாடு வாங்கி வந்தான். எப்போதும் அவளுக்குப் பிரித்து வைத்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுப்பவன், அன்று பொட்டலத்தை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் படியிறங்கிப் போய்விட்டான். செல்வி அந்தப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பால் கட்டி ரவிக்கை நனைந்திருந்தது. துடைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

அந்தப் பொட்டலம்தான் என்னை எழுப்பியது. நான் எழுந்து போய் மாமியாருக்கு முன்னால் நின்றேன்.

"அத்தை, அவளை ஒண்ணும் சொல்லாதீங்க. எனக்குத்தான் ஒதட்டுல கொப்புளம் இருந்துச்சு. அதோடதான் புள்ளைக்கு மூக்கு ஊதுனேன்."

அவர் என் உதட்டைப் பார்த்தார். அந்த வராந்தாவில் இருந்த எல்லாரும் என் உதட்டைப் பார்த்த மாதிரி இருந்தது. திட்டுவார், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவர் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். எங்கள் வீட்டிலும் மூக்கு ஊதித்தானே வளர்த்தோம் என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். முருகேசன் மேலே வந்ததும் அவரே அவனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அவன் போய்ச் செல்வியின் காலடியில் தரையில் உட்கார்ந்து, ஆறிப்போன சோற்றைப் பிரித்தான்.

டாக்டரம்மாவிடமும் போய்ச் சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முதல் நாளே சொல்லியிருந்தால் இந்த மருந்தை அன்றைக்கே ஆரம்பித்திருப்போம் என்று மட்டும் சொன்னார். யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று நான் சொன்னது கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தது. அதை அவர் எனக்குக் காட்டினார்.

செல்வியிடம் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் சோற்றை விழுங்கிவிட்டு, என்னைப் பார்க்காமலேயே பேசினாள்.

"உள்ள கூட்டிட்டுப் போயி கேட்டப்பவே எனக்குத் தெரிஞ்சிடுச்சுக்கா. வூட்டுல யாருக்கும் ஒதட்டுல புண்ணு இருந்துச்சான்னு கேட்டாங்க. தெரியலைங்கன்னேன். நீயே சொல்லுவன்னு பாத்துட்டு இருந்தேன்."

காலையில் பத்து மணியிலிருந்து மத்தியானம் மூன்று மணி வரை. அவ்வளவு நேரமும் அந்தப் பழியைத் தலையில் வாங்கிக்கொண்டு அவள் எனக்காகக் காத்திருந்திருக்கிறாள். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருக்கிறேன். குழந்தைக்குக் கிருமியைக் கொடுத்தது தெரியாமல் நடந்தது. இந்த ஐந்து மணி நேரம் தெரிந்தே நடந்தது. இரண்டில் எது பெரிய பாவம் என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

அந்த மருந்தின் பெயர் அசைக்ளோவிர். எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, இருபத்தொரு நாள், நரம்பு வழியாக மெதுவாக ஏற்ற வேண்டும். அது சிறுநீரகத்தைக் கெடுக்காமல் இருக்கிறதா என்று அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். பச்சைக் குழந்தையின் நரம்பு நூல் மாதிரி. இரண்டு நாளைக்கு மேல் ஒரு இடம் தாங்காது. கை, புறங்கை, கால், கடைசியில் தலையில் கொஞ்சம் முடியை மழித்து அங்கே குத்தினார்கள். ஒவ்வொரு தடவை இடம் மாற்றும்போதும் கதவுக்கு வெளியே அந்த அழுகை கேட்கும். மருந்து ஆரம்பித்த ஐந்தாம் நாள் முதுகு நீரின் முடிவு வந்தது. டாக்டரம்மா சந்தேகப்பட்ட அதே கிருமிதான். அன்றைக்குக் குழந்தை அழவே இல்லை, அதுதான் எங்களை அதிகமாகப் பயமுறுத்தியது.

என் வீட்டுக்காரர் சிமெண்டு ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற லாரி ஓட்டுகிறார். வேலை முடித்து வரும்போது தலை முதல் கால் வரை வெள்ளையாக இருப்பார். ஆஸ்பத்திரிக் குழாயில் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் படியேறுவார். பிளாஸ்கில் கஞ்சி, செல்விக்குப் பூண்டுக் குழம்பு, துவைத்த துணி எல்லாம் கொண்டுவருவார். என்னை அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. மாமியாரும் அப்படித்தான். செல்வியின் துணியை அலசிப் போட்டார், அவள் தலையைச் சீவிவிட்டார். எனக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். ஆனால் டம்ளரை என் கையில் தராமல் பெஞ்சில் வைத்துவிட்டுப் போவார். அதற்கு அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

சும்மா உட்கார்ந்திருக்கிற நேரத்தில் மனசு போகாத இடத்துக்கெல்லாம் போயிற்று. எங்கள் கீழத்தெருவில் சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை இருபது நாளில் இறந்துபோனது. ஜன்னி என்றார்கள். அதையும் நான்தான் குளிப்பாட்டினேன். அப்போது என் உதட்டில் கொப்புளம் இருந்ததா என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. டாக்டரம்மாவிடம் கேட்டேன். அதை இனிமேல் யாராலும் சொல்ல முடியாதும்மா என்றார். அந்தக் குழந்தையின் அம்மா இன்றைக்கும் கடைத்தெருவில் பார்த்தால் நல்லா இருக்கியாக்கா என்று கேட்கிறாள். நான் தலையை ஆட்டிவிட்டு வேகமாக நடந்துவிடுகிறேன்.

எனக்கும் டாக்டரம்மா சீட்டு எழுதிக் கொடுத்தார். இந்தக் கிருமி ஒரு தடவை உடம்பில் புகுந்தால் முகத்து நரம்பின் வேரில் போய்ப் படுத்துக்கொள்ளும், சாகிற வரைக்கும் போகாது. காய்ச்சல், வெயில், அலைச்சல், கவலை என்று ஏதாவது ஒன்று வந்தால் எழுந்து அதே இடத்துக்கு வரும். பல்லிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சுருசுருவென்று ஆரம்பிக்கும்போதே மாத்திரை போட்டால் சீக்கிரம் அடங்கும், கொப்புளம் உடைந்த பிறகு போட்டால் அவ்வளவு பலன் இல்லை. புண்ணைக் கிள்ளக் கூடாது, தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், அந்தக் கையால் கண்ணைத் தொடவே கூடாது. துண்டும் டம்ளரும் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். பொருக்கு உதிர்ந்து தோல் மூடுகிற வரைக்கும் யாருக்கும் முத்தம் கொடுக்கக் கூடாது, பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டு வாசலையே மிதிக்கக் கூடாது. புண் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குழந்தையின் மூக்கில் வாய் வைத்து ஊதவே கூடாது, அது தானே தும்மிக்கொள்ளும். இவ்வளவுதான். இதை யாராவது எனக்கு முன்னாடியே சொல்லியிருந்தால் ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும்.

பன்னிரண்டாம் நாள் குழந்தை பாலாடையில் பால் குடித்தது. பதினைந்தாம் நாள் செல்வியிடமே குடித்தது. இருபத்தொன்றாம் நாள் மறுபடியும் முதுகில் நீர் எடுத்துப் பார்த்து, கிருமி இல்லை என்றார்கள். எல்லாரும் அழுதோம். ஆனால் ஸ்கேனில் மூளையின் இடது பக்கம் தழும்பு தெரிந்தது. அது உடம்பின் வலது பக்கத்தை ஆள்கிற இடமாம். வலது கை எவ்வளவு தேறும் என்று வளர்ந்த பிறகுதான் தெரியும், ஆறு மாதம் மருந்தை விடாமல் கொடுக்க வேண்டும், பயிற்சிக்கு வரவேண்டும் என்றார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பியபோது செல்வி என் வீட்டுக்கு வரவில்லை. நேராக வாலிகண்டபுரம் போவதாக முருகேசன் மெதுவாகச் சொன்னான். அதுதான் சரி தம்பி என்றேன். என் வீட்டில் குழந்தையின் தொட்டிலும் வெந்நீர்ப் பானையும் அப்படியே இருந்தன. தொட்டிலை அவிழ்த்துக் கொடுத்தனுப்பினேன். தெருவில் அதற்கப்புறம் இரண்டு குழந்தை பிறந்தது. கூப்பிட்டார்கள், கைவலி என்று சொல்லிவிட்டேன். கடைசியில் பொய் எதற்கு என்று உண்மையையே சொல்லிவிட்டேன். சிலர் கேட்டுக்கொண்டார்கள். பல்லி எச்சத்துக்கு இவ்வளவு கதையா என்று சிலர் சிரித்தார்கள்.

மாதம் ஒரு தடவை அரியலூர் வந்து, பெரம்பலூர் போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து வாலிகண்டபுரம் போகிறேன். கவின் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மாஸ்க் போட்டுக்கொண்டு, மூன்று அடி தள்ளி உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவேன். புண் இல்லாதபோது தூக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். செல்வி தூக்கச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆறு மாதம் முடிந்து மருந்தை நிறுத்திய வாரம் போயிருந்தேன். செல்வி அன்று என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தாள். அவள் மடியில் இருந்த கவின், வலது கையை மடக்கி மார்போடு வைத்துக்கொண்டு, இடது கையை நீட்டி என் மாஸ்கைப் பிடித்து இழுத்துவிட்டான். நான் பதறிப்போய் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டேன்.

"திரும்புக்கா. பாக்குறேன்" என்றாள் செல்வி.

திரும்பினேன். அவள் என் தாடையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, உதட்டின் இடது ஓரத்தைப் பெருவிரலால் இழுத்துப் பார்த்தாள். வலது ஓரத்தையும் பார்த்தாள். அப்புறம் அவனைப் பாயில் விட்டு எழுந்து போய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்து, ஒண்ணுமில்ல, பிடி என்று அவனை என் மடியில் வைத்தாள். அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். விவரம் தெரிந்ததிலிருந்து அவன் அதைப் பார்த்ததில்லை. நான் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, மடங்கியிருந்த அந்த வலது கையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன்.

இப்போது நான் போனால் வாசலிலேயே மாஸ்கைக் கழற்றிவிட்டு நிற்கிறேன். செல்வி வந்து முதலில் என் உதட்டைப் பார்ப்பாள். பார்த்து முடித்துவிட்டுத்தான் வாக்கா என்பாள்.